அண்ணன் ஆடும் இடம்

அம்மன் ஜாத்திரை நாளில் எங்கள் ஊர் நகரியில் பவர்லூம் தறிகள் நின்றுவிடும். ஆண்டு முழுக்கத் தடதடத்துக் கொண்டிருக்கும் எங்கள் தெருவில் அன்று மேளச் சத்தம் மட்டும்தான். அப்படி ஒரு நாளில் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தபடி ஆடினான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "வேலைக்கு இந்த வேகம் இருந்தா தேவலை" என்று நைனா முணுமுணுத்தார். ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

நடனம் அமைப்பவளாக ஆன பிறகு, யாருடைய பாதிப்பு அதிகம் என்று என்னைக் கேட்கிறார்கள். திருப்பதியில் பரதம் சொல்லித்தந்த டீச்சரைச் சொல்வேன். சென்னையில் நவீன நடனம் பயின்றதைச் சொல்வேன். ஆனால் ஆடுகிற உடம்பு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்பது அதற்கெல்லாம் முன்பே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வகுப்புக்குக் கூட்டிப்போனதும் அண்ணன்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே என் அபிநயங்களைச் செய்துகாட்டிச் சிரிக்க வைப்பான்.

பின்னாளில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தான். பிச்சாட்டூர் அருகே ஒரு லாரி அவன் பைக்கில் மோதியது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள், வலது முட்டி மட்டும் சரியாக மடங்கவில்லை. அதன்பின் ஜாத்திரை மேளம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவான்.

சில வருடங்கள் கழித்து, விபத்துக்குப் பிறகு நடக்கப் பழகும் ஒருவனைப் பற்றித் திருப்பதியில் ஒரு நடனம் அமைத்தேன். ஆஸ்பத்திரிக்குத் திருப்பதி வந்த அண்ணன், சொல்லாமல் ஒத்திகைக்கு வந்து நின்றான். அது யாருடைய நடை என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. நேரே ஆடிக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பேசினான்.

"நல்லா ஆட்றப்பா. ஆனா காலு மடங்காதுன்னு உனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது. எனுக்குத் தெரியாது. இந்தத் தபா மடங்கும்னு நெனச்சிக்கினுதான் ஒவ்வொரு தபாவும் வெக்கறேன்."

அதுவரை நான் அமைத்ததெல்லாம் இயலாமையின் வடிவங்கள்தான் என்று அப்போது புரிந்தது. பெரும்பகுதியைக் கலைத்தேன். பிறகு, நீயே ஆடுகிறாயா என்று அவனைக் கேட்டேன்.

"நொண்டி ஆட்றத பாத்து ஜனம் அழணுமா? அதுக்கா கூப்புட்ற?"

"யாரும் அழ வேணாண்ணா. நீ ஆட்றத நான் பாக்கணும்."

அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். ஆனால் அடுத்த ஒத்திகைக்கு வந்தான். "சோகமா மேளம் அடிச்சா எழுந்து போய்க்கினே இருப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

திருப்பதி மேடையில் முதல் நிகழ்ச்சியன்று, பாதி ஆட்டத்தில், அவன் கால் வழுக்கிக் கீழே விழுந்தான். மேளம் நின்றது. முன்வரிசையில் அம்மா எழுந்துவிட்டாள். தூக்கிவிட ஓடியவரைக் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, மேளக்காரரைப் பார்த்து அண்ணன் கேட்டான்: "இன்னாப்பா நிறுத்திட்ட? நான் இன்னும் முடிக்கல."

அரங்கில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேளம் மறுபடி எழ, அவன் உட்கார்ந்தபடியே ஆடினான். தோள் ஆடியது, கழுத்து ஆடியது, உள்ளங்கைகள் தரையில் தாளம் போட்டன. எழுந்து நின்றபோது அவன் முகம் வியர்வையில் மினுங்கியது. திரைக்குப் பக்கத்தில் நின்ற நான் கைதட்டக்கூட மறந்துபோனேன்.

அடுத்த நிகழ்ச்சியிலும் உட்கார்ந்து ஆடிய அந்தப் பகுதியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"விழுந்தா ஆட்றேன் பாப்பா. விழலன்னா சும்மா எதுக்குக் கீழ ஒக்காரணும்?" என்றான்.

அதனால் அந்த இடத்தை நான் அமைக்கவே இல்லை. இப்போதும் ஆட்டம் அங்கே வந்ததும் மேளக்காரரும் நானும் அவன் காலையே பார்க்கிறோம். அவன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த அடியை எடுத்து வைக்கிறான்.