போனவன் பெயரில் ஒரு மரத்தவளை

தவளையக்கா என்றால்தான் அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் தெரியும். மழைக்காட்டில் முழங்கால் சேற்றில் நின்று, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, கட்டைவிரல் நகம் அளவே இருந்த அந்தப் பச்சை மரத்தவளையைப் பிடித்து வந்தவள் அவள்தான். புது இனம் என்று கட்டுரை எழுதியவர் தூரத்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அவளோடு மின்னஞ்சலில் மட்டும் பழக்கம். புது இனத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வெட்கக்கேடு, அடுத்தவர் வைத்தால் கௌரவம். அவர் அவள் பெயரை வைத்தார். நல்ல மனுஷன்தான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாஸ்போர்ட்டிலும் மின்னஞ்சலிலும் அவள் பெயருக்குப் பின்னால் புருஷன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று எண்ணி, அதற்கு லத்தீன் வால் ஒட்டித் தவளைக்குச் சூட்டிவிட்டார். "தவளை நாத்தம் பிடிச்சவளோட குடும்பம் நடத்த முடியாது" என்று சொல்லிவிட்டு வேறொருத்தியோடு போனானே, அந்தப் பாவியின் பெயரை. விவாகரத்துக்குப் பிறகும் ஆபீஸ் ஆபீஸாக அலைய அலுத்துப்போய் அவள் அதை மாற்றாமல் விட்டிருந்தாள். சோம்பல் இப்படியா பழிவாங்கும்?

போன் போட்டாள். "சார், அது என் பேரில்ல. என்னை விட்டுட்டுப் போனவன் பேரு."

பேராசிரியர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். "அச்சாயிடுச்சேம்மா. வெச்ச நானே நினைச்சாலும் இனி மாத்த முடியாது. பேர் வைக்கிற விதி அப்படி."

ஒரு வழி மட்டும் இருந்தது. இதே தவளைக்கு முன்னமே யாராவது பெயர் வைத்திருந்தால் பழையதுதான் செல்லும். கிடங்கு மூலையில் எரிசாராயத்தில் ஊறிக்கொண்டிருந்த, என்றோ பெயர் வைக்கப்பட்ட பழைய தவளை ஒன்று அச்சு அசல் இதைப்போலவே இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபித்தால் அவன் பெயர் ஒழியும். அவள் கண்டுபிடிப்பும் கூடவே ஒழியும். ஒழியட்டும் என்று வேலையில் இறங்கினாள்.

நீளம், மூக்கு, கண் எல்லாம் ஒத்துப்போயின. பின்னங்காலை விரித்து நுண்ணோக்கியில் வைத்தாள். விரலிடைச் சவ்வு பழையதில் நுனிவரை போனது, இவளுடையதில் பாதியிலேயே நின்றது. பாழாய்ப்போன சவ்வு. எரிசாராயத்தில் சுருங்கியிருக்கலாம் என்று ஒரு வரி எழுதினால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். ஜாடிக்குள் கிடந்த தன் தவளையை எடுத்துப் பார்த்தாள். அவன் செய்த துரோகத்துக்கு இது என்ன பாவம் செய்தது? அந்த வரியை அடித்துவிட்டு, இரண்டும் வேறு இனம், புதுப் பெயரே செல்லும் என்று தன் கையாலேயே எழுதி அனுப்பினாள்.

செய்தி பத்திரிகையில் வந்தது. அன்று சாயங்காலமே அவன் கூப்பிட்டான்.

"பேப்பர்ல பார்த்தேன். இத்தனை வருஷம் ஆகியும் என்னை மறக்கல போல" என்றான். குரலில் இரக்கம் வேறு.

பெயரை யார் வைத்தார்கள், ஏன் மாற்ற முடியாது என்று அவள் விளக்க ஆரம்பித்தாள்.

"சரி, சரி, விடு. எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.