இல்லாத கையின் நகம்

பத்தொன்பது வருஷமாகத் தச்சருக்கு மனைவி மேல் ஒரு குறை உண்டு. ஊரில் உள்ளவன் முதுகையெல்லாம் சரிசெய்கிறவள், கட்டின புருஷன் முதுகை ஒரு நாள் பிடித்துவிட்டதில்லை. நாளெல்லாம் இழைப்புளி தள்ளிவிட்டு வந்து, "இடுப்பு போச்சுடி" என்று குப்புற விழுந்தால், "எந்திரிச்சு சுவரோட ஒட்டி நில்லுங்க. கைய மேல தூக்குங்க, பத்து தடவ" என்பாள். அவள் விரல் அவர் மேல் படாது.

"பிடிச்சுவிட்டா என்ன, குறைஞ்சா போயிடுவ?"

"பிடிச்சா சுகமா இருக்கும். அப்புறம் தினம் குப்புறப் படுப்பீங்க."

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். சொந்தக்காரர்கள் "கைகால் அமுக்கிவிடற வேலைதானே?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நோயாளிகள் அவளுக்கு வைத்திருந்த பேர் 'இன்னும் ஒண்ணு'. பத்து எண்ணி முடித்ததும், "இன்னும் ஒண்ணு" என்பாளாம். "எமன்கூட ஒரு தடவதான் இழுப்பான், இந்தம்மா பதினோரு தடவ இழுக்குது" என்று ஒரு கிழவர் வராந்தாவில் சொல்லி, அது வீடு வரை வந்து சேர்ந்தது. அவளே சொல்லிச் சிரித்தாள்.

இந்த வருஷம் அந்தச் சிரிப்பு நின்றது. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் தசையை அழுத்தி அழுத்தி, அவளுடைய கட்டைவிரல் இரண்டும் அடிமூட்டில் தேய்ந்துவிட்டன. டம்ளர் நழுவியது. புடவை ஊக்கைக்கூட மகள்தான் குத்திவிட்டாள். எலும்பு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இனி அமுக்கினால் விரல் மடங்காது. வரவேற்பறையில் உட்கார்ந்து சீட்டு எழுதும் வேலை தருகிறோம் என்றது நிர்வாகம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"கும்பிடு போட்டு வாங்கிக்கடி" என்றார் தச்சர். மறுநாள் அவள் வேறு எதையோ கேட்டாள்.

"எனக்கு ஒரு பெட்டி செஞ்சு தாங்க. ஒரு பக்கம் வெளியில கண்ணாடி. முன்னாடி கை நுழையற மாதிரி ஓட்டை. பின்னாடி திறந்தே இருக்கட்டும்."

"யாருக்கு?"

"கை இல்லாதவருக்கு."

கிண்டல் பண்ணுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். கொடுத்த கையோடு அந்தச் சீட்டு எழுதும் வேலைக்குச் சம்மதமும் எழுத வைத்துவிடுவது என்று கணக்கு. அவள் வேலை செய்யும் இடத்துக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தரைக்குக் கீழே நீளமான அறை. நடை பழக இரண்டு இரும்புக் கம்பிகள், ரப்பர் விரித்த பெஞ்சுகள், ஒத்தடத்துக்கு உருக்கிய மெழுகின் வாசனை. சுவரோரம் செருப்பு அடுக்கில் எல்லாமே ஒற்றைச் செருப்பு. ஜோடி என்று ஒன்றுகூட இல்லை. தச்சர் தன் செருப்பைக் கழற்றி அங்கே வைக்கப் போனவர், என்னவோ போலிருக்க, வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மேஜை முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. நாலு மாசத்துக்கு முன் ரம்பம் அவருடைய வலது கையை மணிக்கட்டுக்கு மேலே கொண்டுபோய்விட்டது. தச்சர் பெட்டியை மேஜையில் இறக்கினார்.

"ஐயோ, அங்க வைக்காதீங்க!" என்றாள் அவள். "அவர் கை மேல வச்சுட்டீங்க."

மேஜையில் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டறைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைப் பின்னுக்கு இழுத்தார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்று தச்சர் வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகுதான் எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று உடம்பு கூசியது.

"பரவால்லண்ணே" என்றார் பட்டறைக்காரர். "அன்னிக்குப் பலகையப் பிடிச்ச பிடி, கை போயும் விடல. மூடியே இருக்கு. நகம் வேற வளந்துக்கிட்டே போவுது. உள்ளங்கைல இறங்குது. வெட்டிவிடுன்னா என் பொண்டாட்டி ஓன்னு அழுவுறா."

அவள் அவருடைய இடது கையிலிருந்த மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றினாள். துண்டான கை ஓட்டை வழியாகப் பெட்டிக்குள் போனது. இடது கை கண்ணாடிக்கு முன்னால்.

"கண்ணாடிய மட்டும் பாருங்க."

கண்ணாடிக்குள் ஒரு வலது கை கிடந்தது.

"அது மூடியிருக்கற மாதிரியே இதையும் மூடுங்க."

இடது கை மூடியது. அடுத்த நொடி பட்டறைக்காரர் அலறினார். "திருகுது! யாரோ மணிக்கட்டத் திருகுறாங்க!"

அவள் அவரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "கண்ணாடி சாஞ்சிருக்கு."

"என் வேலையா? மூலைமட்டம் வச்சுப் பாத்தேன்டி!"

"குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தார். மேல்பக்கம் பசை தடித்துக் காய்ந்து, கண்ணாடி ஒரு மயிரிழை வெளியே சாய்ந்திருந்தது. முப்பது வருஷத்தில் அவர் தப்பு செய்தால் கதவு இறுக்கும், மேஜை ஆடும், அவ்வளவுதான். இங்கே இல்லாத ஒரு கை முறுக்குப்பட்டு, ஒரு மனுஷன் கத்திக்கொண்டிருந்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கத்தியால் ஒரு சீவல் சீவினார். சீவலைக் கண்ணாடியின் கீழ்ப்பக்க இடுக்கில் தள்ளினார்.

அலறல் பாதியில் நின்றது.

"இப்ப ஒவ்வொரு விரலா" என்றாள் அவள். "அவசரமில்ல. சுண்டுவிரல்... அடுத்தது..."

கண்ணாடிக்குள் அந்த வலது கை திறந்தது. பட்டறைக்காரர் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் நீர் இறங்கியது.

"உள்ளங்கைல காத்து படுதுங்க" என்றார். காற்றாடி ஓடவில்லை, ஜன்னலும் இல்லை. புதிதாக அறுத்த மரத்தின் வாசனை வந்தது. தன் பெட்டியின் வாசனையா, அந்தக் கை விட்டுவிட்ட பலகையின் வாசனையா என்று தச்சருக்குத் தெரியவில்லை.

அவள் நகவெட்டியை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்த முடியாமல், உள்ளங்கையின் அடியால் அமுக்கி, இடது கை நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். கண்ணாடிக்குள் அந்த இன்னொரு கையின் நகங்கள் குறைந்துகொண்டே வந்தன. அப்போது அவள் முகம் இருந்த இருப்பை, மகள் பிறந்த அன்றுகூட அவர் பார்த்ததில்லை.

"எழுதிக் குடுக்கணுமே, இன்னிக்குத்தானே கடைசி" என்றார் தச்சர்.

"காலைலயே குடுத்துட்டேன். வரமாட்டேன்னு."

"விரல் போயிடும்டி."

"அமுக்கற வேலைய புதுசா வந்த பொண்ணுங்க செய்யட்டும். இதுக்குக் கட்டைவிரல் தேவையில்ல. மேல் மாடில இந்த மாதிரி ஒம்போது பேர் தூங்காமக் கிடக்காங்க. இத விட்டுட்டு நான் போய் சீட்டு எழுதவா?"

தச்சரின் கண் பெட்டியின் திறந்த பின்பக்கத்திலேயே இருந்தது.

"அம்மா, யாராச்சும் பிடிச்சுக்கங்க" என்றார் பட்டறைக்காரர் திடீரென்று. "விட்டா மறுபடி மூடிக்கும் போலிருக்கு."

அவள் அவருடைய இடது கையை விடாமல் பிடித்திருந்தாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, எட்டி நிக்காம இப்படி வாங்க. பின்பக்கமா கைய விட்டு அவரு வலது கையப் பிடிச்சுக்கங்க. மெதுவா. இப்பத்தான் நகம் வெட்டியிருக்கு."