கெட்டில் கொடுத்த பதினொரு குதிரைகள்

முகத்துக்கு நேரே அவரை மாஸ்டர் என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் கஞ்சர். கடைசியில் 'ர்' போட்டுத்தான் சொல்வார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கைச்செலவில் அவர் கஞ்சரும் இல்லை. அவருடைய கஞ்சத்தனமெல்லாம் குதிரையில்தான்.

குதிரை என்றால் எஞ்சினின் பலம். அவருடைய அண்ணன் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பின் பின்னறையில், தரையில் பாதி புதைந்த மாதிரி ஓர் இரும்பு உருளை இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கை அதன் மேல் ஏற்றி, முன்சக்கரத்தை இடுக்கியில் பூட்டி, பின்சக்கரம் உருளையில் அழுந்தும்படி பெல்ட் போட்டு இறுக்கிவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உருளையை அது எவ்வளவு பலமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, இத்தனை குதிரை என்று கம்ப்யூட்டர் சொல்லும். டைனோ என்று இதற்குப் பெயர்.

உண்மையில் குதிரையை எண்ணுவது அவர் வேலையே இல்லை. புது சைலன்சரும் புது ஏர் ஃபில்டரும் மாட்டிய வண்டிக்குக் காற்று அதிகமாகப் போகும், பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வரும். வண்டி சிக்னலில் கிளம்பும்போது திக்கும், நடுவில் ஓர் இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கஞ்சர் லேப்டாப்பைச் சொருகி, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றினால், கைப்பிடியை எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு பெட்ரோல் என்று கட்டம் கட்டமாகத் திருத்துவார். இருநூறு கட்டமாவது இருக்கும். காதை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதின்மூன்று பங்கு காற்றா, பதின்மூன்றேகாலா என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். எல்லாம் முடிந்ததும் வண்டிக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எத்தனை வந்துச்சு மாஸ்டர்?"

அங்கேதான் அழுகை ஆரம்பிக்கும். நூற்றறுபதை எதிர்பார்த்து வந்தவர் நூற்று நாற்பத்தேழை வாங்கிக்கொண்டு போவார்.

இதற்கு முன்னால் அவர் பத்து வருஷம் தராசு ரிப்பேர் கடையில் இருந்தவர். அந்தப் புத்தி போகவில்லை. மனைவி புது உடுப்பைப் போட்டுக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இது பரவாயில்ல" என்பார். அந்த அம்மாள் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

இரண்டு தெரு தள்ளி இன்னொரு டைனோ வந்ததும் வினை பிடித்தது. அந்தக் கடைக்காரருக்கு வள்ளல் என்று பெயர் விழுந்தது. இங்கே நூற்றைம்பது வரும் வண்டிக்கு அங்கே நூற்று அறுபத்தைந்து வரும். அங்கே போன யாரும் வாடிய முகத்தோடு திரும்பியதில்லை. எண்ணை அச்சடித்த தாளைப் பட்டை போட்ட சட்டத்துக்குள் போட்டுக் கொடுப்பார். ஒருவர் வீட்டில் கல்யாண போட்டோவை இறக்கிவிட்டு அந்த ஆணியில் இதை மாட்டினார் என்று பேச்சு.

வித்தியாசத்துக்குக் காரணம் கஞ்சருக்குத் தெரியும். சூடும் ஈரமுமான காற்றில் எஞ்சினுக்குப் பலம் குறையும். அதற்குப் பரிகாரமாகக் கம்ப்யூட்டரே சில குதிரைகளைச் சேர்த்துக் காட்டும். அறையின் சூட்டையும் ஈரத்தையும் அதற்குச் சொல்ல, சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி உண்டு. "வள்ளல் அதை, சூடு அடிக்கிற கம்ப்ரஸர் பின்னாடி மாட்டியிருக்கான்" என்று கஞ்சர் அண்ணனிடம் சொன்னார்.

"நீயும் மாட்டு" என்றார் அண்ணன்.

"அது பொய்ண்ணே."

"பொய்யோ மெய்யோ, அவன் வாசல்ல வண்டி நிக்குது. நம்ம வாசல்ல நாய் படுத்திருக்கு."

அண்ணன் ஒரு முடிவோடு இருந்தார். ஊரின் பெரிய பைக் கிளப்பில் நாற்பது வண்டிகள். எல்லா வண்டிக்கும் பெட்ரோல் அளவைச் சரிசெய்ய ஒரே கடையைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அது கிடைத்தால் உருளை இருக்கும். கிடைக்காவிட்டால் உருளையைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த அறையை வாட்டர் வாஷ் ஆக்கிவிடுவது. பிளம்பர் வந்து அளந்து, எங்கே குழாய், எங்கே சாக்கடை என்று தரையில் சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டுப் போய்விட்டார். தினமும் கஞ்சர் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் தன் நாற்காலிக்குப் போனார். உருளை போனால் அவர் கையில் இருக்கப்போவது சோப்பு நுரைதான்.

கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். சோதனைக்குத் தன் வண்டியையே கொண்டுவந்தார். வள்ளல் கடையில் போன வாரமே ஏற்றி நூற்று அறுபத்தைந்து வாங்கியிருந்தார். கூடவே ஐந்து பேர் வந்து முன்னறையை அடைத்துக்கொண்டார்கள். தூறல் வேறு, ஒருவரும் வெளியே போகவில்லை.

"மாஸ்டர், கையைக் கொஞ்சம் தாராளமா வைங்க" என்றார் ஒருவர்.

"அவர்கிட்ட போய் தாராளம் கேக்கறியே, மனசு நோகப்போகுது" என்றார் இன்னொருவர். கஞ்சர் காதில் விழாதது போல் காதை மூடிக்கொண்டார்.

அன்று அவர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார். ஐந்தாயிரம் சுற்றில் வண்டி மூச்சுப் பிடித்த பள்ளத்தை நிரப்பினார். கைப்பிடியைக் கொஞ்சமாக முறுக்கும்போது வந்த உதறலை எடுத்தார். கடைசியில் வண்டிமேல் தானே ஏறி உட்கார்ந்து, முழுசாக முறுக்கி ஓர் ஓட்டம் விட்டார். அறையே அதிர்ந்தது. இறங்கி வந்து திரையைப் பார்த்தார். நூற்று அறுபத்து மூன்று.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் உள்ளே பாய்ந்தது. "கஞ்சரே குடுத்துட்டாருய்யா!" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பல் டாக்டருக்குத் தலை கால் புரியவில்லை. வள்ளலின் நூற்று அறுபத்தைந்தைவிட இந்த நூற்று அறுபத்து மூன்று எவ்வளவோ உசத்தி என்று அவருக்குத் தெரியும். நாற்பது வண்டியும் இங்கேதான் என்று அங்கேயே கை கொடுத்தார். அண்ணன் தம்பியின் தோளில் தட்டினார். தட்டியது இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஊரில் யார் சொல்லும் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்க்கிற மனிதர், தன் எண் ஏறி வந்ததும் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. எல்லாம் தன் கைவண்ணம் என்று நம்பிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது சீட்டி அடித்தார் என்றுகூட அவர் மனைவி பிறகு சொன்னார்.

மறுநாள் காலை, அந்த ஓட்டத்தின் கோடு எவ்வளவு அழகாக ஏறியிருக்கிறது என்று ரசிப்பதற்காகவே ஃபைலைத் திறந்தார். மூலையில் பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது. அறையின் சூடு நாற்பத்து நான்கு. ஈரம் எண்பது.

தூறல் நாளில், இத்தனை பெரிய ஃபேன் ஓடுகிற அறையில் நாற்பத்து நான்கா? சுவரில் இருந்த கருவியைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே இருந்த பலகைத் தட்டில் வட்டமாக, தண்ணீர் காய்ந்த தடம். முன்னறையில் வரவு பார்க்கும் மனைவியைக் கூப்பிட்டார்.

"நேத்து கெட்டிலை எங்க வெச்சே?"

"இந்தத் தட்டுலதான். முன்னாடி ஆறு பேரும் பிளக்கை மறைச்சிட்டு நின்னாங்க. அவங்களுக்கு டீ போட வேணாமா? ஏன், என்ன உடைஞ்சது?"

"ஒண்ணும் உடையல. கொதிச்ச ஆவி பூரா இந்தக் கருவிமேல அடிச்சிருக்கு. அதைக் கழிச்சுப் பார்த்தா, உன் டீ அந்த வண்டிக்குப் பதினொரு குதிரை குடுத்திருக்கு."

அம்மாள் தட்டையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். "பால் பவுடர் டீக்கேவா?" என்றார். பிறகு கணவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம?"

"உங்கண்ணன்கிட்ட முதல்ல சொல்லுங்க. நான் பாத்திரம் கழுவுற மாதிரி பின்னாடி போயிடறேன்."

அண்ணன் சொன்னதைச் சுருக்கமாகத்தான் எழுத முடியும். "ஊர்ல ஒருத்தன் திருடிட்டு மறைப்பான். நீ திருடாததுக்குப் போய் கையைக் கட்டிட்டு நிக்கறே. அது கெட்டில் பண்ணினது. கெட்டிலே போய்ச் சொல்லட்டும்!" கடைசியாக, "வாயைத் திறந்தே, நாளைக்கே பிளம்பர் வருவான்" என்றார்.

மத்தியானம் வரை கஞ்சருக்கு வேறு வேலை ஓடவில்லை. போனை எடுப்பார், வைப்பார். அறைக்குள் போய் உருளையைத் துணியால் துடைத்தார். அதில் தூசியே இல்லை. வாட்டர் வாஷ் செய்பவன் யாருக்கும் எந்த எண்ணும் சொல்ல வேண்டியதில்லை, வண்டி பளபளத்தால் போதும், அதுவும் ஒரு பிழைப்புதானே என்று யோசித்துப் பார்த்தார். மூன்று மணிக்குப் பல் டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், அந்த நூத்தி அறுபத்து மூணு தப்பு. சரியான நம்பர் நூத்தி அம்பத்தி ரெண்டு."

அந்தப் பக்கம் பல் ராவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"என்ன மாஸ்டர், குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்க?"

"குடுத்தது நான் இல்ல. கெட்டில்."

"எது?"

முழுசாகச் சொன்னார். டாக்டர் நம்பவில்லை. கிளப்பில் யாருமே நம்பவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் கஞ்சர் பதினொரு குதிரையைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று மறுநாள் வண்டியோடு வந்தார்கள். கஞ்சர் ஓட்டம் விட்டார். நூற்று ஐம்பத்திரண்டு. தட்டில் கெட்டிலை வைத்துக் கொதிக்கவிட்டு மறுபடி விட்டார். நூற்று அறுபத்து நான்கு. ஒன்று கூடுதலாகவே வந்தது. கெட்டிலை எடுத்துவிட்டு, அறை ஆறியதும் இன்னொரு தடவை. நூற்று ஐம்பத்திரண்டு.

அறை செத்த வீடு மாதிரி இருந்தது. அண்ணன் வாசலில் போய் நின்று போனில் யாருடைய நம்பரையோ தேடிக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மாஸ்டர், ஒரு நாளைக்கு இருபது பேர்கிட்ட 'வலிக்காது'ன்னு சொல்றேன். அத்தனை பேருக்கும் வலிக்கும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். சொல்லலைன்னா வாயைத் திறக்க மாட்டாங்க."

"நான் அப்படிச் சொல்லிப் பழகல டாக்டர்."

"அது தெரியுது." ஹெல்மெட்டை மடியில் ஒரு சுற்று சுற்றினார். "வண்டி என்னவோ நல்லாத்தான் போகுது. ரெண்டு நாளா ஓட்டறேன், ஒரு திக்கல் இல்ல. வள்ளல் பண்ணினப்போ சிக்னல்ல ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. ஆனா நூத்தி அம்பத்தி ரெண்டை நான் எங்கே போய்ச் சொல்ல? என் மச்சினன் வண்டியே நூத்தி அறுபது."

"வள்ளல் கடையில ஏத்தினதா?"

"பின்னே?"

ஆறு பேரும் வெளியே தூரமாகப் போய் நின்று பேசினார்கள். கைகளை ஆட்டினார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். கால் மணி நேரம் கழித்து டாக்டர் உள்ளே வந்து முடிவைச் சொன்னார். நாற்பது வண்டிக்கும் பெட்ரோல் வேலை இங்கேதான். வேலை முடிந்ததும், எண்ணும் தாளும் சட்டமும் வள்ளல் கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். மருந்து உங்ககிட்ட, சர்ட்டிஃபிகேட் அங்க."

அண்ணன் பிளம்பர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்த போனைப் பையில் போட்டுக்கொண்டு, "இதுல கோவிக்க என்ன இருக்கு டாக்டர்!" என்று முந்திக்கொண்டார். கஞ்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உருளை தங்கிவிட்டது. அது மட்டும் நிச்சயம்.

அடுத்த வாரம் முதல் வண்டி வந்தது. ஒரு வக்கீலம்மாவினுடையது. உருளைமேல் ஏற்றுவதற்கு முன்னாலேயே அவர் விரலை நீட்டி எச்சரித்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன். நம்பரை மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லல."

"திரையையும் அந்தப் பக்கம் திருப்பி வைங்க. கண்ணு சும்மா இருக்காது."

திருப்பி வைத்தார். மூன்று மணி நேரம் கட்டம் கட்டமாக வேலை பார்த்தார். யாரும் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடவில்லை, எவ்வளவு என்று கேட்கவில்லை. இப்படி ஒரு நிம்மதி அவருக்கு இந்தத் தொழிலில் வாய்த்ததே இல்லை. வக்கீலம்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "இது என் வண்டிதானா மாஸ்டர்? வெண்ணெய் மாதிரி வழுக்குது!" என்று கத்தினார். பிறகு மணியைப் பார்த்தார். "ஐயோ, வள்ளல் கடை சாத்திருவாரு" என்று பறந்தார்.

கஞ்சர் பழக்கதோஷத்தில் தாளை அச்சடித்துவிட்டார். நூற்று நாற்பத்தொன்பது. வந்தபோது இருந்ததைவிட நாலு கூட. அந்த நாலும் சுத்தமான நாலு. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனைவி வந்து அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, "பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு" என்று மேஜையில் வைத்து வீட்டுச் சாமான் எழுத ஆரம்பித்தார்.

"சோப்பு... அப்புறம் என்ன இல்லைன்னு சொன்னீங்க?"

"ஐயாயிரம் சுத்துல ஒரு பள்ளம் இருந்துச்சு" என்றார் கஞ்சர். "அதை நிரப்பினதுலதான் நாலு வந்துச்சு. மேல ஒண்ணும் பண்ணல, எல்லாம் நடுவுலதான்."

அம்மாள் எழுதிக்கொண்டே, "ம், சொல்லுங்க" என்றார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் கட்டத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.