மூக்கக்காவும் ஒரு கெட்ட பிஸ்தாவும்

ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்திறங்கும் பிஸ்தா மூட்டைகளை முகர்ந்து, ஒரு பருப்பைக் கடித்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவள் வேலை. இருபது வருடமாக அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

பிஸ்தா லேசுப்பட்ட பருப்பல்ல. வறண்ட மண்ணில் ஏழெட்டு வருடம் காக்க வைத்துவிட்டுத்தான் மரம் காய்க்கவே தொடங்கும். முற்றியதும் ஓடு தானாக வாயைப் பிளக்கும். ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதர்கள் கொறித்து வருகிறார்கள். புரதமும் நல்ல கொழுப்பும் தாராளம். அந்தக் கொழுப்புதான் அதற்கு எமன். சூடும் காற்றும் பட்டால் சிக்கு வாடை பிடித்துவிடும். அது மூக்குக்குத்தான் தெரியும்.

அந்த மூக்கு மூன்று மாதம் முன்பு, ஒரு காய்ச்சலோடு, அவளைக் கைவிட்டுவிட்டது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பச்சை பளிச்சென்றிருந்தால் தேறும், மஞ்சளடித்தால் தேறாது என்று குத்துமதிப்பாகச் சமாளித்தாள். தெரிந்தால் வேலை போகும். அந்தப் பேரும் போகும். கனவில் மட்டும் வாசனைகள் வந்தன: ஈரச்சுவர், சோப்பு, கணவனின் சட்டை. விழித்தால் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றன.

அன்று காலை கலவை மாஸ்டர் ஒரு பருப்பு மூட்டையை அரவை இயந்திரத்தில் கொட்டத் தூக்கினார். அவள் ஒன்றைக் கடித்தாள். நல்ல பச்சை. எங்கோ தூரத்திலிருந்து மிதந்து வந்தது, பழைய பெயின்ட் டப்பாவின் வாடை.

"கொட்டாதீங்க! நாறுது மாஸ்டர், நாறுது!"

சிரித்தாள், அழுதாள். மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"கெட்டுப்போனதுக்கா அக்கா இவ்வளவு சந்தோஷம்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மூட்டை நாறினால், மற்றவை?

"மூணு மாசமா எனக்கு வாசனையே தெரியல. கண்ணாலதான் பாத்து அனுப்பினேன். இருக்கிறதையெல்லாம் வெளிய எடுங்க. முதலாளிகிட்ட நானே சொல்றேன்."

மாஸ்டர் குளிர் அறையைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் நான்கு மூட்டைகளும் பதினொரு ஐஸ்கிரீம் டப்பாக்களும் குப்பைக்குப் போயின. அவள் சொன்னதைக் கேட்ட முதலாளி நாளைக்குத் தன்னை வந்து பார்க்கச் சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையைப் பிரித்து, காலையில் கடித்த அந்தப் பாதிப் பருப்பைக் கணவனின் மூக்கருகே நீட்டினாள்.

"சீ, என்ன கருமம் இது? நாறுது!"

"ஆமால்ல?" என்றாள். பிறகு அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வெகுநேரம் எடுக்கவேயில்லை.