ஒன்பதில் காத்திருக்கச் சொன்ன பத்மா

செங் வட்டாரத்தில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. "அம்மா போயிட்டாங்க அங்கிள்," என்றான் பத்மாவின் மகன். பாதி வைத்தியத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

காஜா பேராங்கில் விண்ணப்பம் எழுதித் தரும் எங்கள் கடைப்படி ஏறிய உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். இரங்கல் செய்திகளில் 'விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருபவர்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. சுதந்திரத்துக்கு முன்பே இந்த மண்ணில் பிறந்தும் குடியுரிமை இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு அலைகிறவர்களுக்காக அவர் மல்லுக்கட்டியதை எதிர் மேசையில் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்து பார்த்தவன் நான்.

முனியாண்டி அண்ணன் மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திரத்துக்கு, முந்திய வருடம் ஒரு தோட்ட மருத்துவமனையில் பிறந்தவர். அங்கே கொடுத்த பிறப்புச் சீட்டு ஒன்றுதான் அவருடைய சான்று. அதைக் கணினித் திரையில் பார்த்து விண்ணப்பத்தில் பத்மா ஏற்றிக்கொண்டிருந்தபோது, வேறொருவர் அனுப்பிய பிறப்புச் சீட்டோடு செய்திச் செயலியின் சன்னல் மேலே வந்து உட்கார்ந்தது. குனிந்து நிமிர்ந்தவர், கண்ணில் பட்ட தகப்பன் பெயரை அடித்துவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அன்றே புக்கிட் பாருவில் அண்ணன் வீட்டுக்குப் போய், "தப்பு என்னோடதுண்ணே, ஆபீஸ் தப்பு இல்ல," என்றார்.

மறுவாரம் கணினியையே மாற்றி அமைத்தார். சன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், தரையில் ஓடு பதித்ததுபோல அருகருகே நிற்கும் ஏற்பாடு அது. தனித்தனித் திரைகள்போல ஒன்பது பணித்தளங்கள், எண்ணை அழுத்தினால் அந்தத் தளம் வரும். எந்தச் செயலி எதில் திறக்க வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் வரிவரியாக எழுதிவைத்தார். விண்ணப்பமும் அதற்கான பழைய சான்றுத் தாளும் ஒன்றாம் தளத்தில் மட்டும். அஞ்சல் இரண்டில். செய்திச் செயலி ஒன்பதில். நாமாகப் போனால்தான் அதைப் பார்க்க முடியும். சுட்டியை உருட்டித் திண்டாடி நான் முணுமுணுத்தபோது, "பழகிக்குங்க செல்வம். இன்னொரு தடவ அந்த வீட்டு வாசல்ல என்னால நிக்க முடியாது," என்றார்.

பண்டார் ஹிலிரில் இரண்டு கடை வைத்திருப்பவர் ஒருநாள் வந்து கத்தினார். "மெசேஜ் போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, பாக்கவே இல்ல!"

பத்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "உங்க டாக்குமென்ட் ஒன்பதுல இருக்கு பாஸ். ஒன்னுல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க முடியட்டும்லா."

அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது பத்மாவின் மகன், "கம்ப்யூட்டர எல்லாரும் வச்சிருக்க மாதிரி மாத்தித் தரேன் அங்கிள், ஈசியா இருக்கும்," என்கிறான். நல்ல பிள்ளை. ஆனாலும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

முனியாண்டி அண்ணனின் இரண்டாவது விண்ணப்பத்துக்கும் பதில் வந்துவிட்டது. முடியாது என்கிறார்கள், காரணம் எழுதவில்லை. துக்க வீட்டில் கடிதத்தைக் காட்டத் தயங்கி நின்றார். நான்தான் வாங்கிப் படித்தேன். "அந்தம்மாவே போயிட்டாங்க. விட்டுருவோம் தம்பி," என்றார்.

விடமாட்டேன். பத்மாவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். நாளைக் காலை கடை திறந்திருக்கும் அண்ணே, பிறப்புச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.