மாவு வாங்கப் போன அம்மா

எங்கள் வீட்டில் கேபிளைத் துண்டித்த அன்று அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். அந்த ஜிலேபிக்காகவே அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மூன்று பேர் இருக்கிற வீட்டில் மற்ற இரண்டு பேரை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதைக் கொண்டாட இனிப்பும் வாங்கி வருகிற துணிச்சல் யாருக்கு வரும்? அப்பாவுக்கு வந்தது.

நான் அப்போது எட்டாம் வகுப்பு படித்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் வேலை. வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் பொட்டலத்தை மேஜையில் வைத்து அறிவித்தார்.

"கேபிள்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். யார் பாக்குறா இங்க? நான் பாக்குறதே இல்ல. இவளுக்குப் படிப்பு இருக்கு. எதுக்கு மாசா மாசம் தண்டம் அழணும்?"

யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கான பதில் அப்போது ஜிலேபியைப் பிரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் டிவி பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அவருடைய கிரிக்கெட் அவருடைய போனில் வந்தது. கட்டிலில் சாய்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, நடுநடுவே தனக்குத்தானே "சே" என்று சொல்லிக்கொண்டு பார்ப்பார். அதற்குக் கட்டுகிற பணம் தண்டக் கணக்கில் வராது. அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அதில் பாம்பு விளையாட்டு மட்டும் உண்டு.

அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில், வீணான காரியங்களிலிருந்து இந்த வீட்டை விடுவித்ததற்காக அப்பா ஆண்டவருக்கு நன்றி செலுத்தினார். நான் ஆமென் சொன்னேன். அம்மாவின் குரல் கேட்கவில்லை.

அம்மா பார்த்தது ஒரே ஒரு சீரியல். ஏழரை மணிக்கு வரும். ஒரு பெரிய வீடு, மூன்று மருமகள்கள், நகை போட்டுக்கொண்டே தூங்குகிற ஒரு மாமியார். காலையில் பால் பாக்கெட்டை எடுப்பதிலிருந்து ராத்திரி கேஸை மூடுவது வரை அம்மாவை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஏழரை மணிக்கு மட்டும் கூப்பிட முடியாது. காபி கேட்டால் "விளம்பரத்துல தரேன்" என்பாள். துண்டு எங்கே என்றால் கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் கொடியின் பக்கம் நீட்டுவாள். அந்த நேரத்தில் அப்பாவே எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு குடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேபிள் போன பிறகு அந்த நேரத்தில் அம்மா துணி மடித்தாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அடுத்து சித்தப்பா வந்தார். அவர் இருந்தது சேலையூரில். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்காத சாமானே அவர் வீட்டில் கிடையாது. பேசுகிற கிளி பொம்மை முதல் கதவில்லாத பீரோ வரை எல்லாம் சந்தைச் சரக்கு. எங்களுக்காக ஒரு பழைய டிஷ்ஷையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் பைக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணே, இத ஒரு வாட்டி மாட்டிட்டா போதும். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஒத்த ரூபா குடுக்க வேணாம்" என்றார்.

அண்ணனும் தம்பியும் மொட்டை மாடிக்குப் போனார்கள். அம்மா டிவிக்கு முன்னால். நான் படிக்கட்டில். மேலிருந்து "வந்துச்சா" என்று கேட்பார்கள். நான் கீழே பார்த்துக் கேட்டு, மேலே பார்த்து "வரல" என்று கத்துவேன். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை மறைக்கிறது என்று சித்தப்பா அதை இழுத்துக் கயிற்றால் கட்டினார். டிஷ்ஷைத் திருப்பினார்கள், சாய்த்தார்கள், அப்பா கையைக் கிழித்துக்கொண்டார். இருட்டுகிற நேரத்தில் திரையில் ஒரு மனிதர் தோன்றினார். கோதுமை வயலில் நின்றுகொண்டு ஹிந்தியில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் வந்துவிட்டது என்று கத்தினேன்.

இறங்கி வந்த சித்தப்பா, "கிளாரிட்டியப் பாருங்க அண்ணி" என்றார்.

அம்மா ரிமோட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாம் ஹிந்தி. பஜனை ஹிந்தி, சண்டை ஹிந்தி, சமையல் ஹிந்தி. எங்கோ ஒரு மூலையில் ஒரு தமிழ் சேனல் இருந்தது. அதில் மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்து நிலத்தடி நீரைப் பற்றி விவாதித்தார்கள்.

"என் சீரியல் இதுல வராதா?" என்று கேட்டாள்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கையில் மஞ்சளை அப்பிக்கொண்டே சொன்னார். "ஹிந்தி சீரியல் பாரேன். அப்படியே பாஷையும் கத்துக்கலாம்ல. நல்லதுதானே."

இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததை அப்பா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அது அவருக்கு எப்போதுமே வசதியான பழக்கம்.

மறுநாள் சாயங்காலம் ஏழே கால் இருக்கும். அம்மா முகம் கழுவி, தலையைச் சீவி, எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டாள். "மாவு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

எதிர்வீட்டு ஆன்ட்டி இட்லி மாவு அரைத்து விற்பவர். அவர் கணவர் ஆட்டோ ஓட்டினார். தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் மாவு வாங்கினார்கள். நாங்கள் வாங்கியதில்லை. எங்கள் வீட்டில் கிரைண்டர் இருந்தது. விலைக்கு வாங்குகிற மாவு புளிக்கும் என்று அம்மாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இருந்தும் அன்று போனாள், அடுத்த நாள் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். எட்டு மணி வாக்கில் தூக்கோடு திரும்பி வருவாள். வந்ததும் தோசைக்கல் அடுப்பில் ஏறும்.

எங்கள் வீட்டில் தோசைக் காலம் தொடங்கியது. முதல் வாரம் நான் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன். பிறகு ஊத்தப்பம், பிறகு வெங்காயம் தூவியது, பிறகு பொடி போட்டது என்று அம்மா வேஷம் மாற்றிப் பார்த்தாள். மாவு மாவுதானே. சப்பாத்தி என்ற பண்டம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோனது.

"என்ன, டெய்லி தோசை?" என்றார் அப்பா.

"மாவு இருக்கு" என்றாள் அம்மா.

கேபிளை வெட்டி மிச்சம் பிடித்த மனிதர், அந்தக் காசு தன் தட்டிலேயே வட்ட வட்டமாக வந்து விழுவதை அறியாமல் மென்றுகொண்டிருந்தார்.

ஒரு நாள் அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். அம்மா இல்லை. காபி வேண்டும், போய்க் கூப்பிட்டு வா என்று என்னை அனுப்பினார். எதிர்வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பாத்திரம். நடுவில் அம்மா. சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அவள் கால் நீட்டி நான் பார்த்ததில்லை. திரையில் மாமியார் ஏதோ சொல்ல, அம்மா பக்கத்தில் இருந்தவரின் தோளில் அடித்து, "இவளுக்கெல்லாம் நல்லா வேணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டிதான் என்னை முதலில் பார்த்தார்.

"இன்னா பாப்பா, அப்பா வந்துட்டாரா? அம்மா சீரியல் பாத்துகினு கீறாங்க. முடிஞ்சதும் வருவாங்கன்னு போய் சொல்லு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "விளம்பரம் வரட்டும்" என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் வீட்டில் சோபா இருக்கிறது. அதன் எதிரே டிவி இருக்கிறது. அம்மா இன்னொருவர் வீட்டுத் தரையில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவிடம், மாவுக்குக் கூட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் மறுநாள் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"அடுத்தவங்க வீட்டுல போய் உக்காந்து பாக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது மெயின் ரோட்டு மளிகைக் கடையில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற வழியில், நானும் அவரும் நின்றிருந்தோம். சர்ச்சுக்கு வருகிறவர்கள் இரண்டு மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். நல்ல மனிதர். நல்ல மனதோடுதான் கேட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வூட்டு டிவி பேஜார் பண்ணுதா? தங்கச்சி டெய்லி நம்ம வூட்லதான் சீரியல் பாத்துகினு கீது. நமக்கு ஒண்ணும் இல்ல, நல்லா பாக்கட்டும். தெரிஞ்ச மெக்கானிக் ஒர்த்தன் கீறான், இட்டுகினு வரட்டா?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு வீட்டுக் கதவைத் திறக்கிற வரை அவர் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா அடுப்படியில் குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்பா பையை மேஜையில் போட்டார்.

"ஊருக்கு முன்னால என்னைப் பிச்சைக்காரன் ஆக்கிட்ட. அடுத்தவன் வீட்டுல போய் உக்காந்து பாக்குறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

நான் கேட்ட அதே கேள்வி. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "மாவு தீந்துடுச்சு. இன்னிக்குப் போகணும்" என்றாள்.

அன்று அவள் போகவில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அப்பா ஒரு புது போன் வாங்கினார், தனக்கு. மூலையில் கீறல் விழுந்திருந்த பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தார். "உன் சீரியல் எல்லாம் இதுல வரும். இனிமே எவன் வீட்டுக்கும் போக வேண்டிய அவசியம் இல்ல" என்றார். அதைச் சொல்லும்போது ஜிலேபி வாங்கி வந்த அன்று இருந்த அதே முகம். நான் துள்ளிக் குதித்தேன். அப்பா இறங்கி வந்துவிட்டார், அம்மா ஜெயித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"ஏழரைக்குத்தான் பாக்கணும்னு இல்லம்மா. எப்ப வேணா பாக்கலாம். நடுவுல வேலை வந்தா நிறுத்திக்கலாம். விட்ட இடத்துலேர்ந்து ஓடும்."

"நிறுத்திக்கலாமா?" என்று அம்மா கேட்டாள்.

நிறுத்தினோம். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் காய் நறுக்குவாள். மூத்த மருமகள் வாயைத் திறப்பாள். "அத நிறுத்திட்டு இங்க வா" என்று அப்பா கூப்பிடுவார். வந்து மறுபடி தொட்டால் மருமகள் இன்னும் இரண்டு வார்த்தை பேசுவாள். "அம்மா, நிறுத்திட்டு என் நோட்டுக்கு அட்டை போட்டுத் தாயேன்" என்று நான் கூப்பிடுவேன். விளம்பரம் வரட்டும் என்று சொல்ல இப்போது வழியில்லை. நினைத்த நேரத்தில் நிறுத்த முடிகிற சீரியலைப் பார்க்கிற பெண்ணை, நினைத்த நேரத்தில் எல்லோரும் கூப்பிடலாம்.

அம்மா கதையில் பின்தங்கிப்போனாள். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் ஆன்ட்டி, "நேத்து மாமியார் இன்னா பண்ணா பாத்தியா?" என்று ஆரம்பிப்பார். "ஐயோ சொல்லாதீங்கக்கா, நான் இன்னும் கல்யாணத்துலயே நிக்கிறேன்" என்பாள் அம்மா. மற்றவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். பிறகு அவள் வந்தால் அவர்கள் வேறு பேச்சு பேசினார்கள். கொஞ்ச நாளில் அம்மா வண்டிக்காரரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தாள்.

கிரைண்டர் மறுபடி ஓடியது. "என்ன இருந்தாலும் வீட்டு மாவு வீட்டு மாவுதான்" என்று அப்பா சொன்னார். அப்பா இன்றும் சொந்தக்காரர்கள் வந்தால், தெருவிலேயே முதலில் கேபிளை விட்டது தான்தான் என்று பெருமை பேசுகிறார். "இவளுக்கு அப்பவே தனி போன் வாங்கிக் குடுத்தேன்" என்கிறார். வாங்கிக் கொடுத்தேன் என்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறேன்.

ஒரு சாயங்காலம் எனக்கு மறக்காது. அடுப்படி ஜன்னல் தெருவைப் பார்த்தது. ஏழரை மணிக்கு எதிர்வீட்டு டிவியிலிருந்து அந்த சீரியலின் பாட்டு கேட்டது. வாசலில் செருப்பு விடுகிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். அம்மா கரண்டியைப் பிடித்தபடி ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். போன் சர்க்கரை டப்பாவில் நின்றிருந்தது, நிறுத்தி வைத்தபடி. அங்கே ஓடுவது அவள் இன்னும் பார்க்காத கதை. காதில் விழுந்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று நான் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டு அதைப் படாரென்று திறந்தாள். கதவு சுவரில் மோதியது.

"கதை தெரிஞ்சிடும்மா" என்றேன்.

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள்.

அவ்வளவு கோபமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு அந்த சீரியல் அலுத்துப்போய்விட்டது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.