முட்டை உடைத்த வரி

யோகப்பிரியா லேசில் சண்டைக்குப் போகிறவள் அல்ல என்று யாராவது சொன்னால் அவளுடைய அப்பா காளிச்சாமியே சிரித்துவிடுவார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனிதர். மகளின் கோபம் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது அவருக்கே இன்னும் பிடிபடவில்லை.

பக்கத்து ஊரான சித்தூரில் கணிதம் படித்து, கோயம்புத்தூரில் மேற்படிப்பு முடித்து, சில வருடம் பெங்களூரில் இருந்தாள். அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்தவள், அம்மா போன பிறகும் திரும்பிப் போகவில்லை. பாலக்காட்டில் ஒரு டயர் கடை மாடியில் ஜிஜோ என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். தொழிற்சாலைகளில் பொருளைத் தூக்கி வைக்கும் இயந்திரக் கைகளுக்கு அங்கே கணக்கு எழுதிக் கொடுப்பார்கள். எண்ணைக் கொடுத்து எண்ணை வாங்குகிற சாதாரணக் கணக்கு இல்லை. எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொண்டு சூத்திரத்தைச் சுருக்கிக் கொடுக்கும் மென்பொருளில் எழுத வேண்டும். அந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வமே உண்டு.

கர்வத்தில் கை வைத்தவன் சுதீப். கல்பாத்திக்காரன், சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்து சேர்ந்தவன். சேர்ந்த வாரமே அவளுடைய ஃபைலைத் திறந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பாதியை மாற்றி எழுதினான். போதாததற்கு எல்லார் காதிலும் விழும்படி, “இதை யார் எழுதினா? பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினாப்பல இருக்கே” என்றான். அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பக்கத்துப் பக்கத்து மேஜைதான். ஆனாலும் ஜிஜோவிடம் சொல்லி, ஜிஜோ போய்ச் சொல்ல வேண்டும்.

அப்படி இருக்கையில்தான் கோவிந்தாபுரம் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு முட்டைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இவர்கள் கணக்கு எழுதிக் கொடுத்த இயந்திரக் கை, முட்டைத் தட்டைத் தூக்கி அடுக்குவதற்குப் பதிலாக அடுக்கின் மேலேயே இறங்கி நசுக்கிவிட்டது. ஒரு தடவை இல்லை, ஓட்டும்போதெல்லாம்.

ஜிஜோ இருவரையும் தன் காரிலேயே ஏற்றினார். “உங்க ரெண்டு பேரோட அடி, சண்டை, எனக்கு மடுத்துப் போச்சு, சலிச்சுப் போச்சு. அங்க போயி யாரு தப்புன்னு பாத்துட்டு வாங்க” என்றார் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக. யோகப்பிரியா முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் உட்கார்ந்த சுதீப், கையை நகர்த்தும் அந்தக் கணக்குத் துண்டைப் பற்றி ஜிஜோவைப் பார்த்து, “அந்த ஃபங்ஷன் நான் எழுதினதில்லையாக்கும்” என்றான். கொல்லங்கோடு வரும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் கண்ணாடியை இறக்கி, காற்றின் இரைச்சலை உள்ளே விட்டாள்.

ஜிஜோ இருவரையும் இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்துகொண்டார். முட்டைக் கம்பெனியின் மேலாளர் மோகனசுந்தரம் வாசலிலேயே நின்றிருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. நேராக ஷெட்டுக்குக் கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். மஞ்சள் காய்ந்து ஈ மொய்த்தது.

“பாத்துக்கங்க. இதுதான் நீங்க போட்ட கணக்கு” என்றார்.

யோகப்பிரியா தன் லேப்டாப்பைத் திறந்து அந்த ஃபங்ஷனை ஓட்டினாள். கை எவ்வளவு இறங்க வேண்டும் என்பது அதன் நீளத்தில் பாதியை வைத்துத்தான். நீளம் நாற்பது, அதில் பாதி இருபது என்று சரியாக வந்தது. “எங்கிட்ட சரியாத்தானுங்க இருக்குது. இங்க ஏத்துனவிங்க எதையோ மாத்தியிருக்கோணும்” என்றாள் மோகனசுந்தரத்திடம். ஏற்றியவன் சுதீப்.

சுதீப் அதே ஃபங்ஷனை அங்கிருந்த கணினியில் ஓட்டினான். பாதி முப்பத்திரண்டரை என்று வந்தது. “நாற்பதுல பாதி முப்பத்திரண்டரையா? என்ன எழுதி வெச்சிருக்கேள்?” ஒரு வருடத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

“தொட்டது நீங்கதானே?”

“ஒரு எழுத்து மாத்தலை நான். வேணும்னா ரெண்டையும் வெச்சுப் பாருங்கோ.”

பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தது. தன் மெஷினில் எல்லாவற்றையும் மூடி, பழைய நினைவு எதுவும் இல்லாத புதிய அமர்வு ஒன்றைத் திறந்து மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை இருபதும் வரவில்லை, முப்பத்திரண்டரையும் வரவில்லை. ‘எல்’ என்ற எழுத்தே, பாதியாக வகுக்கப்பட்டு, விடையில் அப்படியே நின்றது.

அந்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஃபங்ஷனின் முதல் வரியில், அதற்குள் மட்டுமே செல்லுபடியாகும் இரண்டு பெயர்களை ஒரே மூச்சில் அறிவித்திருந்தாள். ‘எல்’ என்பது நாற்பது, ‘எம்’ என்பது ‘எல்’லில் பாதி. படிக்கிறவருக்கு இடமிருந்து வலமாகச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மென்பொருள் அப்படிப் படிக்காது. வலப்பக்க மதிப்புகளை எல்லாம் முதலில் கணக்கிட்டுவிட்டுத்தான் உள்பெயர்களை உண்டாக்கும். எம்முக்கு மதிப்புத் தேடியபோது உள்ளே எல் இன்னும் இல்லை. அதனால் ஃபங்ஷனுக்கு வெளியே, கணினியின் நினைவில் கிடந்த வேறொரு ‘எல்’லை எடுத்துக்கொண்டது. அவள் மெஷினில் என்றோ சோதனைக்குப் போட்ட நாற்பது அழிக்கப்படாமல் வெளியே கிடந்தது, தப்பு மறைந்திருந்தது. இங்கே வேறு ஒரு பெரிய கைக்காகச் சுதீப் போட்ட அறுபத்தைந்து கிடந்தது. எதுவும் இல்லாத இடத்தில் எழுத்து எழுத்தாகவே நின்றது.

சுதீப்பும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டான்.

“ஆரம்ப மதிப்பு ஒண்ணையொண்ணு பாக்காதுன்னு தெரியாதா உங்களுக்கு? முதல் பாடமாக்கும் அது.”

தெரியும் என்பதுதான் அவளைச் சுட்டது. தெரிந்தும் எழுதியிருக்கிறாள்.

“அந்த வரி என் தப்பு. ஒத்துக்கறேன்” என்றாள். “ஆனா அறுபத்தஞ்ச வெட்டவெளியில போட்டுட்டு, அந்த ஃபைலையே இங்க கொண்டாந்து ஏத்துனது ஆரு? அதையும் ஒரு ஃபங்ஷனுக்குள்ள அடைச்சு வெச்சிருந்தா முட்டை உடையுமா?”

“உங்க ஓட்டைக்கு என்னைக் காவல் நிக்கச் சொல்றேளா?”

“குப்பையக் கொட்டாம இருந்தாப் போதுங்க!”

இயந்திரக் கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எப்படிச் சரிசெய்வது என்பதிலும் முட்டிக்கொண்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அடுக்குப் போட்டு, வெளி அடுக்கில் எல்லும் உள் அடுக்கில் எம்மும் பிறக்கட்டும் என்றான் அவன். பெயர்களை வெறுமனே அறிவித்துவிட்டு, மதிப்புகளைக் கீழே வரிசையாகத் தனித்தனி வரியில் கொடுப்பேன் என்றாள் அவள். இரண்டும் சரிதான். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதனாலேயே யாரும் இறங்கி வரவில்லை.

கடைசியில் மோகனசுந்தரம் கத்தினார். “ஏனுங்க, எதையோ ஒண்ணப் பண்ணித் தொலைங்க! ஷெட்டே நாறுதுங்க!”

விசைப்பலகை அவள் கையில் இருந்ததால் அவள் வழியே நடந்தது. கை நிதானமாகத் தட்டைத் தூக்கி, அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பியது. யாரும் யாரையும் பாராட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். “என்ன கண்ணு, மூஞ்சி அப்படி இருக்குது?” அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள், ‘எல்’லையும் ‘எம்’மையும்கூட விடாமல். காளிச்சாமி பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ உன்ற மேலதான் தப்பாட்ட இருக்குது?”

அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அவரோடு சில நாள் பேச்சு இல்லை.

கம்பெனியில் அதற்குப் பிறகு அவர்களுடைய சண்டை, பிழைகளை எழுதி வைக்கும் குறிப்புப் பக்கத்துக்கு மாறியது. பிழைக்கான காரணத்தை எழுதும் இடத்தில் அவள் இரண்டு வாக்கியம் எழுதினாள். ஒன்று தன் வரியைப் பற்றி, இன்னொன்று வெளியே விடப்பட்ட மதிப்பைப் பற்றி. மறுநாள் இரண்டாவது வாக்கியம் காணாமல் போயிருந்தது. திரும்ப எழுதினாள். திரும்பக் காணாமல் போனது. ஜிஜோ அந்தப் பக்கத்தையே இருவரும் தொட முடியாதபடி மூடிவிட்டு, சுதீப்பை வேறு வேலைக்கு மாற்றினார்.

அடுத்த வருடம் சுதீப் பெங்களூருக்குக் கிளம்பினான். கடைசி நாளில் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு அவள் மேஜைக்கு முன் வந்து நின்றான்.

“என் ஃபைல்ல வெளியில இருந்ததையெல்லாம் துடைச்சாச்சு” என்றான்.

“பாத்துக்கறேங்க.”

“இப்பவும் நம்பலை, இல்லையா?”

“இல்லீங்க.”

அவன் உதட்டைச் சுழித்துவிட்டுப் படியிறங்கிப் போனான். அவள் அன்றைக்கே உட்கார்ந்து அவன் ஃபைல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். வெளியே ஒரு பெயர்கூட மிச்சமில்லை, அவ்வளவு சுத்தம். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.